பிறேக் இறுகும் மொறிஸ் மைனருக்கு ஷூ தளர்த்துவது மருந்தல்ல

ஆசிரியர் அவர்கட்கு,

பழைய கார்களைப் பேணுவது பற்றி உங்கள் வாசகர் பக்கத்தில் அண்மையில் வெளிவந்த கடிதம், ஓடிச் சூடேறியதும் பிறேக் இறுகிச் சில்லைப் பிடித்துக்கொள்ளும் மொறிஸ் மைனருக்கு ஒரு கைமருந்து சொல்லியிருந்தது. ட்ரம்மில், அதாவது சில்லோடு சுற்றும் பிறேக் வட்டப்பெட்டியில், உள்ள துளையால் திருப்புளியை விட்டு, அதன் உட்சுவரில் அழுத்திச் சில்லை நிறுத்தும் ஷூவை இரண்டு பல் தளர்த்திவிட்டால் போதும் என்பது அது. பல கராஜ்களிலும் இதைத்தான் செய்கிறார்கள். அன்றைக்குச் சில்லு சுற்றும். வாகனக்காரரும் சந்தோசமாகக் காசைக் கொடுத்துவிட்டுப் போவார். ஆனால் இறுகியது ஷூ அல்ல. பெடலில் இருந்து காலை எடுத்த பிறகும் பிறேக் ஒயில் குழாய்க்குள் இறங்காமல் நிற்கும் அழுத்தம்தான் ஷூவைத் தள்ளிக்கொண்டு இருக்கிறது. ஷூவைத் தளர்த்தினால் பெடல் இன்னும் ஆழமாக இறங்கும். அழுத்தம் நின்ற இடத்திலேயே நிற்கும். இந்தக் காரில் நான்கு சில்லுக்கும் ஒரே குழாய்த் தொடர்; பெடலின் மிதியை ஒயில் அழுத்தமாக மாற்றும் மாஸ்டர் சிலிண்டரும் ஒன்றே. எங்கேனும் ஓரிடம் விட்டால் நான்கும் போய்விடும். மிச்சம் கம்பியில் ஓடும் கைபிறேக் மட்டும்தான், அதுவும் பின்சில்லுகளுக்கு.

முதலில் கையில் இருப்பது எந்தப் பிறேக் என்று தெரிந்திருக்க வேண்டும். 1948இல் வந்த முதல் மைனரில் இருந்தே ட்ரம்களை இயக்குவது லொக்கீட் நிறுவனத்தின் ஹைட்ரோலிக் (ஒயில் அழுத்தத்தில் இயங்கும்) தொகுதி. முன் ட்ரம் 7 அங்குலமாக இருந்து, 1962இல் 1098 சிசி எஞ்சின் வந்தபோது 8 அங்குலம் ஆனது. பின் ட்ரம் கடைசிவரை 7 அங்குலம். எஞ்சின் மாற்றிய கார்கள் எங்கும் இருப்பதால் புத்தகத்தில் உள்ள வருடத்தை நம்பி ஷூ வாங்கப் போகக்கூடாது; ட்ரம்மைக் கழற்றி அளந்துவிட்டுப் போகவேண்டும். முன்சில்லு ஒவ்வொன்றிலும் இரண்டு சிலிண்டர், பின்சில்லு ஒவ்வொன்றிலும் ஒன்று. ஆக சில்லுச் சிலிண்டர் 6, றபர் ஹோஸ் 3 (முன்னுக்கு இரண்டு, பின் அச்சுக்கு ஒன்று), ஷூ 8. மாஸ்டர் சிலிண்டரின் உள்விட்டம் 7/8 அங்குலம். அது சாரதியின் காலடியில், சாசிக் காலோடு சேர்ந்து தரைக்குக் கீழே கிடக்கிறது. ஒயில் விடும் மூடியைப் பார்க்கவே காப்பற்றைத் தூக்க வேண்டும். இந்த இட அமைப்புத்தான் பாதி வியாதிக்குக் காரணம். காலோடு வந்த மண் எல்லாம் அந்த மூடியைச் சுற்றித்தான் சேரும். ஈரத்துணியால் நன்றாகத் துடைக்காமல் மூடியைத் திறந்தால் மணல் நேரே ஒயிலுக்குள் விழும்.

மாஸ்டர் சிலிண்டருக்குள் ஒயில் தொட்டியில் இருந்து இறங்கும் துளைகளில் ஒன்று மிகச் சிறியது, ஒரு மில்லிமீற்றருக்கும் குறைந்தது. பெடல் முழுதாக மேலே வந்து நிற்கும்போது பிஸ்டனுக்கு முன்னால் ஒயிலைத் தள்ளும் றபர் அடைப்பான பிரதான கப்பின் உதடு அந்தத் துளையைச் சற்றே தாண்டிப் பின்னால் நிற்கவேண்டும். அப்போதுதான் சூட்டில் விரிந்த ஒயில் தொட்டிக்குத் திரும்பும். கப் ஊதிப் பெருத்தாலோ, துளையில் துகள் அடைத்தாலோ, பெடலோடு சேர்ந்த தள்ளுகம்பி பிஸ்டனை விடாமல் அழுத்திக்கொண்டிருந்தாலோ அந்த வழி மூடிவிடும். பிறகு ஒவ்வொரு மிதிக்கும் சூடு கூடும். சூடு கூடக் கூட ஒயில் விரியும். விரிந்த ஒயில் ஷூவை இன்னும் தள்ளும். குளிர்ந்த காரில் காலையில் ஒன்றும் தெரியாது. பத்து மைல் ஓடிய பின்புதான் கார் இழுக்க மறுக்கும். அதனால்தான் கராஜுக்குக் கொண்டுபோய் நிறுத்தும்போது "எல்லாம் சரியாகத்தானே இருக்கிறது" என்று சொல்கிறார்கள்.

எனவே கார் இறுகிய நிலையில் இருக்கும்போதே, குளிரவிடாமல், அழுத்தம் எங்கே நிற்கிறது என்று பார்க்கவேண்டும். கைபிறேக்கை விடுவித்து, மற்றச் சில்லுகளுக்குக் கட்டை போட்டு, ஒவ்வொரு சில்லாக ஜக்கில் தூக்கிக் கையால் சுற்றிப் பாருங்கள். நான்கும் பிடித்திருந்தால் குற்றம் மாஸ்டர் சிலிண்டரில். பின்னிரண்டும் மட்டும் என்றால் பின் ஹோஸ் அல்லது கைபிறேக் கம்பி. ஒன்று மட்டும் என்றால் அந்தச் சில்லின் ஹோஸ், சிலிண்டர் அல்லது ஷூ.

நான்கும் பிடித்த காரில் முதலில் பெடலை விரலால் தொட்டுப் பாருங்கள். தள்ளுகம்பிக்கும் பிஸ்டனுக்கும் இடையில் 1/32 அங்குலம், அதாவது 0.8 மில்லிமீற்றர் இடைவெளி வேண்டும். பெடல் தட்டில் அது சிறிய தளர்ச்சியாக விரலுக்குத் தெரியும். தளர்ச்சியே இல்லை என்றால் யாரோ பெடலை உயர்த்துவதற்காகக் கம்பியை நீட்டியிருக்கிறார்கள். அதைச் சரிசெய்தாலே நோய் தீரக்கூடும், எதையும் கழற்ற வேண்டியதில்லை. இடைவெளி சரி என்றால் மூடியைத் திறந்து வையுங்கள். இன்னொருவர் பெடலைக் கையால் மெதுவாக அழுத்தட்டும். மிதியின் தொடக்கத்தில் அந்தச் சிறு துளையால் ஒயில் குபுக்கென்று மேலே எழும்பவேண்டும். கண்ணை நேரே கொண்டுபோய் வைக்காதீர்கள், சில நேரம் பீச்சியடிக்கும். ஒரு சலனமும் இல்லை என்றால் துளை மூடியிருக்கிறது.

ஒரு சில்லு மட்டும் பிடித்தால் அதன் சிலிண்டரில் ஒயிலை வெளியே விடும் நிப்பிளை அரைச்சுற்று திறவுங்கள். ஒயில் பீறிட்டுச் சில்லு விடுபட்டால் அழுத்தம் சிக்கியிருந்தது உண்மை. அடுத்த முறை இறுகும்போது நிப்பிளைத் தொடாமல், அந்த ஹோஸின் சாசிப் பக்க முனையில் இரும்புக் குழாயின் நட்டைத் தளர்த்துங்கள். அங்கே தளர்த்தியும் சில்லு பிடித்தபடி இருந்து, நிப்பிளில் மட்டும் விடுபட்டால் ஹோஸ்தான் குற்றவாளி. பழைய ஹோஸ் வெளியே புதிதுபோல் இருக்கும். உள்ளே றபர் வீங்கி, ஊசி முனை அளவு வழிதான் இருக்கும். காலின் பலத்தில் ஒயில் போகும், ஷூ ஸ்பிரிங்கின் பலத்தில் திரும்பி வராது. நிப்பிளைத் திறந்தும் சில்லு அசையவில்லை என்றால் ஒயிலில் குற்றம் இல்லை. பிஸ்டன் துருவில் சிக்கியிருக்கிறது, அல்லது ஸ்பிரிங் செத்துவிட்டது. பின்சில்லில் இன்னொன்றும் உண்டு. அங்குள்ள சிலிண்டர், பின்தகட்டில் (ட்ரம்முக்குப் பின்னால் ஷூக்களைத் தாங்கும் தகடு) இறுக்கிப் பூட்டப்பட்டது அல்ல. நீள்துளையில் முன்னும் பின்னும் சறுக்கவேண்டியது. ஒரே பிஸ்டனால் இரண்டு ஷூவையும் தள்ளுவது அந்தச் சறுக்கலால்தான். துருப்பிடித்து அது தகட்டோடு ஒட்டிக்கொண்டால் ஒரு ஷூ மட்டும் தேய்ந்து மற்றது புதிதாகவே இருக்கும். ட்ரம்மைக் கழற்றி இரண்டு லைனிங்கையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

கப் ஏன் வீங்குகிறது? பெரும்பாலும் தப்பான ஒயில். பிறேக் ஒயில் கிளைக்கோல் வகை. எஞ்சின் ஒயில், பவர் ஸ்ரியரிங் ஒயில், கிறீஸ் எல்லாம் பெற்றோலிய வகை. பிந்தியவை பிறேக் றபரை ஊதவைத்துப் பிசுபிசுக்கச் செய்யும். தொட்டியில் கிடப்பது எது என்று தெரியாவிட்டால் ஒரு தேக்கரண்டி எடுத்துக் கண்ணாடித் தம்ளரில் தண்ணீரோடு கலக்குங்கள். பிறேக் ஒயில் தண்ணீரில் கரைந்துவிடும். மேலே படலமாக மிதந்தால் அது வேறு ஒயில். அப்படி மிதந்தால் கப் மட்டும் மாற்றுவது வீண்வேலை. ஆறு சிலிண்டரின் கப், மாஸ்டரின் றபர் அத்தனையும், மூன்று ஹோஸ் எல்லாம் போகவேண்டும். இரும்புக் குழாய்களை மெதிலேற்றட் ஸ்பிரிட்டால் கழுவி ஊதி உலர்த்த வேண்டும். செலவுதான், ஆனால் பாதி மாற்றிவிட்டால் மிச்சம் கிடக்கும் ஒயில் புதுக் கப்பையும் தின்றுவிடும்.

இதே காரணத்தால் சிலிண்டரை மண்ணெண்ணெயிலோ பெற்றோலிலோ கழுவக்கூடாது. கராஜில் எல்லாவற்றையும் மண்ணெண்ணெய் வாளிக்குள் போடுவது கைப்பழக்கம். எஞ்சின் பாகத்துக்கு அது சரி. பிறேக் பாகத்துக்கு ஸ்பிரிட் அல்லது புதுப் பிறேக் ஒயில் மட்டும்.

மாஸ்டர் சிலிண்டரைக் கழற்றுவது மைனரில் பொறுமையைச் சோதிக்கும் வேலை. அதைப் பிடித்திருக்கும் இரண்டு நீளப் போல்ற்றுகளும் சாசிக் காலைக் குறுக்கே ஊடுருவி வருகின்றன. உருவப் போனால் டோர்ஷன் பார் வழியில் நிற்கும். அந்தப் பார்தான் காரின் முன்பாரத்தைத் தாங்கி முறுகி நிற்பது. சஸ்பென்ஷன் கையைத் தாங்கிவைத்து முறுக்கை இறக்காமல் அதைக் கழற்ற முயல்வது கையை இழக்கும் வேலை. அவசரத்தில் போல்ற்றின் தலையை வெட்டி எடுப்பவர்களும் உண்டு. வெட்டினால் அதே தரத்துப் போல்ற் கையில் இருக்கிறதா என்று முதலே பார்த்துக்கொள்ளுங்கள். கடைத்தெருவில் கிடைக்கும் மலிவு இரும்புப் போல்ற் இந்த இடத்துக்கு ஆகாது.

வெளியே எடுத்த சிலிண்டரின் உள்ளே விரலை விட்டுச் சுற்றிப் பாருங்கள். கறை, மெல்லிய கோடு என்றால் நுண்கல் ஹோனால் இலேசாகத் தேய்த்தால் போகும். நகம் தட்டுப்படும் குழி இருந்தால் தேய்த்து எடுக்கப் பார்க்காதீர்கள். குழி மறையும்வரை தேய்த்தால் விட்டம் பெருத்துக் கப் பிடிக்காது. புதுச் சிலிண்டர் இன்னும் பிரித்தானியாவில் விற்கப்படுகிறது. இல்லையேல் பித்தளை அல்லது துருப்பிடியா உருக்கில் உறை போட்டுக் கடையலாம். உறை போட்ட மாஸ்டர் சிலிண்டரில் அடிக்கடி நடக்கும் பிழை ஒன்று: சிறு துளையை உறையில் மறுபடி துளைத்துவிட்டு, உள்விளிம்பில் நிற்கும் பிசிறை எடுக்காமல் விடுவது. அந்தப் பிசிறு கப்பின் உதட்டை ஒவ்வொரு மிதியிலும் கீறும். சில நூறு மைலில் பெடல் மெல்ல மெல்லத் தரைக்கு இறங்கத் தொடங்கும். வெளியே ஒரு சொட்டு ஒயிலும் தெரியாது.

உள்ளே பாகங்களைப் போடும் ஒழுங்கு, அடியில் இருந்து: வால்வின் றபர் வொஷர், வால்வு, ஸ்பிரிங், அதன் தொப்பி, பிரதான கப் (உதடு உள்நோக்கி), மெல்லிய வளைந்த வொஷர், பிஸ்டன் (அதன் வால்பக்கக் கப்பின் உதடும் உள்நோக்கி), தடுப்பு வொஷர், சேர்க்கிளிப், வெளிறபர். இதில் அந்த மெல்லிய வொஷர்தான் பழைய கப்பின் முதுகில் ஒட்டியபடி குப்பைக்குப் போவது. பிஸ்டனின் தலையில் சிறு துளைகள் உள்ளன. காலை எடுத்ததும் ஒயில் அவற்றால் வந்து கப்பின் உதட்டைத் தாண்டி முன்னால் நிரம்பும். வொஷர் இல்லாவிட்டால் கப்பின் முதுகு அழுத்தத்தில் அந்தத் துளைகளுக்குள் பிதுங்கிக் கிழியும். கழற்றியதும் எண்ணிப் பாருங்கள். புதிய கிட் பெட்டியில் அது எப்போதும் வருவதில்லை.

அடியில் இருக்கும் வால்வு, காலை எடுத்த பிறகும் குழாய்களில் சதுர அங்குலத்துக்கு ஏறத்தாழ 8 முதல் 10 இறாத்தல் அழுத்தத்தை வைத்திருக்கும். இது ஷூவைத் தள்ளப் போதாது, கப்பின் உதடு சுவரோடு ஒட்டி நிற்கப் போதும். வால்வின் றபரைத் தவறவிட்டால் பெடலை இரண்டு மூன்று தரம் அடித்தால்தான் பிறேக் வரும். ஒயிலுக்குள் புகுந்த காற்றை, அதாவது எயாரை, எத்தனை தரம் எடுத்தாலும் போகாத "எயார்" என்று பலர் தலையைப் பிய்த்துக்கொள்வது இதுவே. டிஸ்க் பிறேக்குக்கு மாற்றுவோர் மாறாக இந்த வால்வை எடுத்தே ஆகவேண்டும்.

முன்சில்லில் இரண்டு சிலிண்டரும் ஒவ்வொரு ஷூவின் முன்முனையைத் தள்ளும் அமைப்பு. சில்லு முன்னோக்கிச் சுற்றும் திசையிலேயே பிஸ்டன் தள்ளவேண்டும். அப்போதுதான் ட்ரம் ஷூவைத் தன்னோடு இழுத்து மேலும் இறுக்கும். பெயின்ற் அடிக்கக் கழற்றிய பின்தகடுகளை இடம் வலம் மாற்றிப் பூட்டினால் எல்லாம் பொருந்தும், எயாரும் வராது, பெடலும் கல்லுப்போல் இருக்கும். கார் மட்டும் நிற்காது. பின்னோக்கி ஓடும்போது அற்புதமாக நிற்கும்!

ஹோஸ் மாற்றும்போது நடுவில் பிடித்து முறுக்காதீர்கள். முதலில் இரும்புக் குழாயின் நட், பிறகு சாசித் தகட்டின் பூட்டு நட், கடைசியில் சிலிண்டர் பக்க முனை. பூட்டும்போது எதிர் ஒழுங்கு. சிலிண்டர் முனையின் செப்பு வொஷர் ஒவ்வொரு முறையும் புதிது. பூட்டியபின் ஸ்ரியரிங்கை இரு பக்கமும் முழுதாக வெட்டி ஹோஸ் எங்கும் உரசுகிறதா என்று பாருங்கள்.

குழாய் விடயத்தில் நம் நாட்டுக்கே உரிய ஒரு ஆபத்து உண்டு. மைனர் 1000இன் 3/16 அங்குலக் குழாய்க்கு நட் 3/8 அங்குல யூஎன்எவ் (அங்குல அளவுப் புரி வகை), அங்குலத்துக்கு 24 புரி. கடைகளில் ஜப்பான் வாகனக் குழாய்களில் வருவது எம்10 (10 மில்லிமீற்றர் விட்டம்), 1 மில்லிமீற்றர் புரி. 3/8 அங்குலம் 9.5 மில்லிமீற்றர், மற்றது 10. புரி இடைவெளியோ கிட்டத்தட்ட ஒன்றே. எனவே மைனரின் நட், ஜப்பான் யூனியனுக்குள் வழுக்கிக்கொண்டு போய் இறுகியதுபோல் நிற்கும். மெதுவாக மிதிக்கும்போது ஒழுகாது. ஒரு நாய் குறுக்கே பாய்ந்து முழுப்பலத்தோடு மிதிக்கும் அன்றைக்குப் புரி உரிந்து வரும். நட் கையால் இரண்டு சுற்று ஏறியதும் அதைப் பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள். தளதளவென்று ஆடினால் பொருத்தம் அல்ல. முனை விரிப்பும் பழையதைப் பார்த்து அதே வடிவத்தில் இருக்கவேண்டும். கடற்காற்றில் இரும்புக் குழாய் நெடுநாள் நிற்காது. செப்பு-நிக்கல் கலவைக் குழாய் வளைக்கவும் இலகு, துருவும் இல்லை. வெறும் செப்பு அதிர்வில் கடினப்பட்டு வெடிக்கக்கூடியது, வேண்டாம்.

மாஸ்டர் சிலிண்டரைத் தூக்கிவிட்டு ஜப்பான் சிலிண்டர் ஒன்றை முன்சுவரில் பூட்டுவோருக்கு ஒரு கணக்கு மட்டும். 7/8க்குப் பதில் 1 அங்குலச் சிலிண்டர் போட்டால் அதே மிதிக்குக் குழாயில் அழுத்தம் ஏறத்தாழ 23 சதவீதம் குறையும். 3/4 அங்குலம் போட்டால் அழுத்தம் 36 சதவீதம் கூடும், ஆனால் பெடல் அதே அளவு கூடுதலாக இறங்கவேண்டும். விட்டத்தைப் பார்க்காமல் "புதுசு, நல்லது" என்று பூட்டுவது மூடத்தனம்.

பிறேக் ஒயிலில் டொட் 4 என்ற தரம் போதும். புதிதில் அதன் கொதிநிலை குறைந்தது 230 பாகை செல்சியஸ், 3.7 சதவீதம் தண்ணீர் உறிஞ்சியபின் 155. நம் ஈரக்காற்றில் திறந்து வைத்த போத்தல் தானாகவே தண்ணீர் குடிக்கும். ஆகவே சிறிய போத்தலாக வாங்கி, மிச்சத்தை எறிந்துவிட்டு, இரண்டு வருடத்துக்கு ஒருமுறை முழுதாக மாற்றுங்கள். சிலிக்கன் வகையான டொட் 5 இதோடு கலக்காது.

எயார் எடுக்கும் முன் எல்லா ஷூவையும் சில்லு பூட்டும்வரை இறுக்கிவிடுங்கள் (வேலை முடிந்ததும் கடைசிப் பந்தியில் சொல்லும்படி ஒரு பல் பின்னால் விடவேண்டும்). பிஸ்டன்கள் ஓடும் தூரம் குறைவதால் எயார் விரைவாக வெளியேறும். மாஸ்டரில் இருந்து தூரமான சில்லில் தொடங்கி இடப்பின், வலப்பின், இடமுன், வலமுன் என்று வாருங்கள். தொட்டியில் ஒயில் மூடிக்கழுத்துக்கு அரை அங்குலம் கீழே நிற்கவேண்டும். வேலை நடுவில் வற்றவிட்டால் முதலில் இருந்து தொடங்கவேண்டும். வெளியே வந்த ஒயிலைத் திரும்ப ஊற்றாதீர்கள். முடிந்ததும் ஒருவர் பெடலைப் பலமாக மிதித்து இரண்டு நிமிடம் பிடித்திருக்க, மற்றவர் ஒவ்வொரு இணைப்பிலும் உலர்ந்த தாளை ஒற்றிப் பார்க்கட்டும். உங்கள் பத்திரிகைத் தாளே போதும், ஒயில் பட்ட இடம் உடனே கண்ணாடிபோல் தெரியும்.

கடைசியாக, முன்னைய கடிதத்தைப் படித்து ஏற்கெனவே ஷூவைத் தளர்த்திவிட்டவர்கள் அடுத்த பயணத்துக்கு முன் அதைத் திரும்ப இறுக்கிக்கொள்ள வேண்டும். சில்லின் தொப்பியைக் கழற்றி, ட்ரம்மின் துளை ஷூவை இறுக்கும் திருகுக்கு நேரே வரும்வரை சில்லைச் சுற்றுங்கள். முன்சில்லில் எதிரெதிரே இரண்டு, பின்சில்லில் ஒன்று. கைபிறேக் விடுபட்டிருக்க, திருப்புளியால் வலஞ்சுழியாகச் சில்லு பூட்டும்வரை திருப்பி, பிறகு ஒரே ஒரு பல் பின்னால் விடுங்கள். முன்சில்லில் ஒன்றை மட்டும் இறுக்கிவிட்டு மற்றதை மறந்தால் பிறேக் ஒரு பக்கம் இழுக்கும். அதன் பிறகும் பத்து மைலில் சில்லு பிடித்தால், வீதியோரத்தில் நிறுத்தி, குளிர முன்பே நிப்பிளைத் திறந்து பாருங்கள்.

இப்படிக்கு,
பழைய கார் திருத்துநர்கள் சிலர்,
யாழ்ப்பாணம்